துருவேறிய தேர்கள்

இரும்பை உருக்கி வார்த்து மனிதன் கருவி செய்யத் தொடங்கிய நாள்தொட்டே துரு என்னும் பகைவனும் அவனுடன் பிறந்துவிட்டான். கல்லில் வடித்த சிற்பம் மழையையும் வெயிலையும் தாங்கி ஆயிரம் ஆண்டுகள் நிற்கிறது. மண்ணிற் புதைந்த பொன், தோண்டி எடுக்கும் நாளிலும் மின்னுகிறது. இரும்போ, ஈரக்காற்றுப் பட்ட அன்றே தன் அழிவைத் தொடங்கிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தேர் என்று மோட்டார் வண்டியைச் சொல்லலாம். 1886ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கார்ல் பென்ஸ் என்னும் செருமானியர் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அன்று தொடங்கிய வரலாறு மனிதர் வாழும் ஊர்களையும் தொழில்களையும் மாற்றியது. அவர்கள் வேகத்தைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையும் மாற்றியது. ஆனால், அவ்வரலாற்றின் சான்றுகளோ பெரும்பாலும் இரும்பினால் ஆனவை. ஓடி ஓய்ந்த வண்டிகளுள் மிகப் பல உருக்காலைக்குச் சென்று மீண்டும் இரும்பாயின. எங்கோ ஒன்று மட்டும் கொட்டகையிலோ நீரடியிலோ மணலுக்குள்ளோ மறைந்து கிடந்து, பல்லாண்டு கழித்துத் துருவேறிய உடலோடு வெளிப்படுகிறது. அதனை என்ன செய்வது?

மூன்று வழிகள் உள்ளன. துருவை அகற்றி, குறைந்த பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தி, வண்டியை மீண்டும் ஓடச் செய்யலாம். கிடைத்த நிலையிலேயே, மேலும் கெடாதவாறு காத்து வைக்கலாம். இனி ஆவதற்கொன்றும் இல்லை என்று கைவிடலாம். மூன்றுள் எது தக்கது என்பது பார்வைக்கு எளிய வினாவாகத் தோன்றும். ஆயினும், பழம்பொருளைப் பேணும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய கடினமான வினாக்கள் பல இதனுள் அடங்கியுள்ளன. அவற்றுக்கு விடை காண நான்கு வண்டிகளின் வரலாறு துணை செய்யும்.

துருவின் இயல்பு

இரும்பும் நீரும் உயிர்வளியும் ஒன்று கூடும் இடத்தில் துரு தோன்றுகிறது. உப்பு அச்செயலை விரைவுபடுத்துகிறது. கடற்கரை ஊர்களில் வண்டிகள் விரைந்து கெடுவதும், குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவதால் வண்டியின் அடிப்பகுதி அரிக்கப்படுவதும் இதனாலேயே. அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடுப் படலம் அவ்வுலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு அதற்குக் கவசமாகிறது. இரும்பின் துருவோ அத்தகையதன்று. அது தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொண்டு உப்பி, செதிள் செதிளாக உதிர்ந்து, அடியிலுள்ள புது இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிவிடுகிறது.

எனவே, ஒரே வண்டியின் பாகங்கள் ஒரே அளவில் முதுமையடைவதில்லை. மெல்லிய தகட்டால் ஆன மேற்கூடு முதலில் ஓட்டையாகிறது. தடித்த வார்ப்பிரும்பினால் ஆன எஞ்சின் நெடுநாள் தாங்குகிறது. பித்தளை, வெண்கலம், அலுமினியப் பாகங்கள் வேறு கதியை அடைகின்றன. பழைய வண்டிகள் பலவற்றில் எல்லாச் சுமையையும் தாங்குவது அடிச்சட்டம். அது நலமாக இருப்பின், மேற்கூடு எவ்வளவு அழிந்திருந்தாலும் மீண்டும் கட்டலாம். பிற்கால வண்டிகளில் தனி அடிச்சட்டம் இல்லை; மேற்கூடே எலும்புக்கூடாகவும் அமைந்து சுமை தாங்குகிறது. அங்கே கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டங்களைத் துரு தின்றுவிட்டால், பளபளக்கும் வண்ணப்பூச்சு இருந்தும் பயனில்லை. துருவைக் கண்டு அஞ்சுவதற்கு முன், அது தோலைத் தின்றதா எலும்பைத் தின்றதா என்று அறிவதே முதற்கடமை.

மணலில் புதைந்த பேப்ஸ்

கவுண்ட் லூயி சுபரோவ்ஸ்கி என்னும் செல்வர், இங்கிலாந்தில் கான்டர்பரி நகருக்கு அருகில், ஹையம் என்னும் தம் மாளிகையில் பேருருவம் கொண்ட பந்தய வண்டிகளைக் கட்டி வந்தார். அவற்றுள் ஒன்று ‘ஹையம் ஸ்பெஷல்’. முதல் உலகப் போரின்போது விமானங்களுக்காக அமெரிக்காவில் ஆக்கப்பட்ட ‘லிபர்டி’ எஞ்சின் அதில் பொருத்தப்பட்டது. பன்னிரண்டு சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் உடைய அந்த எஞ்சினின் ஆற்றலைச் சங்கிலிகள் பின்சக்கரங்களுக்குக் கடத்தின. 1924ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் மோன்சாப் பந்தயத்தில் சுபரோவ்ஸ்கி மாண்டார். அவர் விட்டுச் சென்ற வண்டியை ஜான் காட்ஃப்ரி பாரி தாமஸ் என்னும் பொறியாளர் 125 பவுனுக்கு வாங்கினார்.

வேல்ஸ் நாட்டின் ரெக்சம் நகரில் பிறந்த தாமஸ், லேலண்டு நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். அவர் வண்டியைத் திருத்தியமைத்து, ‘பேப்ஸ்’ என்று பெயரிட்டார். வேல்ஸின் தென்கரையிலுள்ள பெண்டைன் கடற்கரையில், 1926ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், மணிக்கு 171.02 மைல் வேகத்தில், அஃதாவது ஏறத்தாழ 275 கிலோமீட்டர் வேகத்தில் அதனைச் செலுத்தி உலகச் சாதனை படைத்தார். 1927 பிப்ரவரியில் மால்கம் கேம்பல் அதே கடற்கரையில் அச்சாதனையை முறியடித்தார். இழந்ததை மீட்க, மார்ச் 3ஆம் நாள் தாமஸ் மீண்டும் வந்தார். கடும் வேகத்தில் வண்டி நிலைகுலைந்து உருண்டது. தாமஸ் அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

சங்கிலி அறுந்து அவர் தலையைத் தாக்கியது என்பதே அன்று எங்கும் பரவிய செய்தி. விசாரணை முடிந்தபின், அவ்வண்டியை எவரும் பயன்படுத்தலாகாது என்று கருதியவர்கள் இருக்கைத் தோலைக் கிழித்து, அளவுமானிகளின் கண்ணாடிகளை உடைத்து, கடற்கரை மணலிலேயே அதனைப் புதைத்தனர். ஒரு மனிதருக்குச் செய்யும் சடங்கைப் போன்றே அது அமைந்தது.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1969ஆம் ஆண்டு, வேல்ஸின் பாங்கர் நகரில் பொறியியல் விரிவுரையாளராக இருந்த ஓவன் வின் ஓவன் என்பவர் அதனைத் தோண்டி எடுக்க முன்வந்தார். புதைகுழி அப்போது பாதுகாப்பு அமைச்சின் படைக்கலச் சோதனைக் களத்துக்குள் இருந்தது. அமைச்சின் இசைவு வேண்டியதாயிற்று. இறந்தவரின் நினைவைக் கிளறுவது தகுமா என்ற வினாவும் எழுந்தது. அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. புதைத்தவர்கள் வேண்டுமென்றே வண்டியைச் சிதைத்தார்கள். அது மீண்டும் ஓடக்கூடாது என்பதே அவர்கள் கருத்து. அதனை மீறுவதற்குத் தக்க காரணம் இருந்தாக வேண்டும்.

காரணம் இருந்தது. பேப்ஸைப் போன்ற மற்றொரு வண்டி உலகில் இல்லை. மணலிலிருந்து வெளிப்பட்டபோது மேற்கூட்டின் பெரும்பகுதி அரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் இயந்திரப் பாகங்கள் பல மீட்கத்தக்க நிலையில் இருந்தன. எஞ்சினோ போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது; அதன் அமைப்பும் அளவும் நன்கு அறியப்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலாக, தம் வாழ்நாளின் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கும் மனமும் கைத்திறனும் உடைய ஒருவர் கிடைத்துவிட்டார். ஓவன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார். பேப்ஸ் மீண்டும் உறுமியது. இன்று அது பெண்டைனில், 2023ஆம் ஆண்டு புதிதாகத் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய செல்வமாக விளங்குகிறது.

இம்மீட்பினால் மற்றொரு பயனும் விளைந்தது. துருவேறிய பாகங்களை ஆராய்ந்தபோது, விபத்துக்குச் சங்கிலியே காரணம் என்னும் பழைய முடிவில் ஐயம் பிறந்தது; பின்சக்கரம் ஒன்று பழுதுற்றதே முதற்காரணமாகலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது. இது சிறு செய்தியன்று. தாமஸ் இறந்த இருபத்தாறாம் நாள், மார்ச் 29இல், ஹென்றி சீக்ரேவ் அமெரிக்காவின் டேடோனாக் கடற்கரையில் மணிக்கு 203.79 மைல் வேகத்தில் சென்று, 200 மைல் எல்லையை முதன்முதலாகத் தாண்டினார். அவர் செலுத்திய சன்பீம் வண்டியும் சங்கிலியால் இயங்கியதே. நாற்பதாண்டுக் காலம் நூல்கள் திரும்பத் திரும்பச் சொன்னதை மறுக்கும் சான்று, மணலுக்குள் துருவோடு துருவாகக் கிடந்திருக்கிறது. பாகங்களை ஆராயாமல் தேய்த்து மெருகிட்டிருந்தால், அச்சான்று அன்றே அழிந்திருக்கும்.

ஏரியடியில் கிடந்த புகாட்டி

இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே பரந்து கிடப்பது மாஜ்ஜோரே ஏரி. அதன் சுவிட்சர்லாந்துக் கரையில் அஸ்கோனா என்னும் சிற்றூர் உள்ளது. 1925ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ‘பிரெசியா’ வகைப் புகாட்டி வண்டியொன்று, 1930களில் அவ்வேரிக்குள் இறக்கப்பட்டது. அது எவ்வாறு அங்கு வந்தது என்பதற்கு இரு கதைகள் உண்டு. புகழ்பெற்ற பந்தய வீரர் ரெனே டிரேஃபுஸ் சீட்டாட்டத்தில் அதனைத் தோற்றார் என்பதும், வென்றவரால் எல்லையில் சுங்க வரி கட்ட இயலவில்லை என்பதும் ஒன்று. சூரிக் நகரக் கட்டடக் கலைஞர் ஒருவர் வரி கட்டாமல் அதனை அங்கே விட்டுச் சென்றார் என்பது மற்றொன்று. முதற்கதை சுவையானது, இரண்டாவது நம்பத் தக்கது. இரண்டிலும் முடிவு ஒன்றே: செலுத்தப்படாத சுங்க வரி வண்டியை நீரில் ஆழ்த்தியது.

பின்னர் இழுத்தெடுக்க உதவுமென்று கட்டிய சங்கிலியைத் துரு தின்றது. வண்டி 53 மீட்டர் ஆழத்துக்கு நழுவியது. 1967ஆம் ஆண்டு முக்குளிப்பவர் ஒருவர் அதனைக் கண்டார். அதன்பின் நாற்பதாண்டுகள் அப்பகுதி முக்குளிப்போருக்கு அது ஒரு திருத்தலம் போலாயிற்று. சேற்றில் அமிழ்ந்த பக்கம் உயிர்வளி புகாமையால் ஓரளவு காக்கப்பட்டது. நீரில் வெளிப்பட்டிருந்த பக்கமோ சல்லடையாயிற்று.

அது நீரடியிலேயே இருந்திருக்கும். ஆனால் 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில், முக்குளிப்போர் கழகத்தைச் சேர்ந்த ஒருவரின் மகன், இருபத்திரண்டு வயது இளைஞன், லொகார்னோ நகரத் திருவிழாவில் மூன்று இளைஞர்களால் அடித்துக் கொல்லப்பட்டான். அவன் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைத்து, இளைஞரிடையே வன்முறையைத் தடுக்கப் பெற்றோர் முனைந்தனர். அதற்குப் பொருள் திரட்டக் கழகத்தார் கையிலிருந்த ஒரே செல்வம் ஏரியடியில் கிடந்த வண்டி. 2009ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள், கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்க, அது நீரைவிட்டு மேலே வந்தது.

2010ஆம் ஆண்டு சனவரியில் பாரிசில் ஏலம் நடந்தது. வண்டியில் ஐந்திலொரு பங்கே மீட்கத்தக்கது என்று ஏலநிறுவனத்தார் மதிப்பிட்டனர். 70,000 முதல் 90,000 யூரோ வரை கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 260,500 யூரோவுக்கு விலைபோயிற்று. வாங்கிய பீட்டர் மல்லின், கலிபோர்னியாவில் சொந்தமாக அருங்காட்சியகம் அமைத்தவர். புகாட்டி வண்டிகளை நன்கு அறிந்தவர். அவர் நினைத்திருந்தால் அதனைப் புத்தம்புதிதாக்கியிருக்கலாம். அவரோ துருவின் ஒரு செதிளையும் அகற்றாமல், நீரடியிற் கிடந்த தோற்றத்திலேயே காட்சிக்கு வைத்தார். 2024ஆம் ஆண்டு அவ்வருங்காட்சியகம் மூடப்படும் வரை, மின்னும் பல வண்டிகளுக்கிடையே அத்துருப்பிண்டமே வந்தோர் பலரின் காலைக் கட்டிப் போட்டது.

மல்லினின் முடிவுக்கு நியாயம் உண்டு. பிரெசியா வகை வண்டிகள் ஏறத்தாழ 2,000 செய்யப்பட்டன. அவற்றுள் நல்ல நிலையில் ஓடுவன பல இன்றும் உள்ளன. ஐந்தில் நான்கு பங்கைப் புதிதாகச் செய்து பொருத்தினால் கிடைப்பது அவற்றோடு மற்றுமொன்று. ஆனால், எழுபதாண்டுக்கு மேல் ஏரியில் உறங்கி, மகனை இழந்த ஒரு தந்தைக்காக எழுந்து வந்த புகாட்டி உலகில் ஒன்றே. அவ்வரலாறு அதன் துருவிலேயே எழுதப்பட்டுள்ளது.

நிலவறையில் வைத்த பிளிமத்

அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலம் 1957ஆம் ஆண்டு தன் பொன்விழாவைக் கொண்டாடியது. அதனையொட்டி டல்சா நகரத்தார், அவ்வாண்டு வெளிவந்த பொன்னிறமும் வெண்ணிறமும் கலந்த புதிய பிளிமத் பெல்வெடியர் வண்டியொன்றை, நீதிமன்ற வளாகத்தில் நிலத்தடிக் காங்கிரீட் அறையில் வைத்து மூடினர். 2007இல் பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பத்து காலன் பெட்ரோலையும் உடன் வைத்தனர். ஐம்பதாண்டு கழித்து நகரின் மக்கள்தொகை எவ்வளவாகும் என்று மிக நெருக்கமாகக் கணித்தவருக்கோ அவர் வழித்தோன்றல்களுக்கோ வண்டி பரிசு என்று அறிவித்தனர். அணுகுண்டுக்கும் அசையாத அறை என்று அதனைப் பெருமையாகப் பேசினர்.

2007ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் வண்டி வெளியே எடுக்கப்பட்டது. அணுகுண்டை எதிர்பார்த்துக் கட்டிய அறைக்குள் வந்தது வெறும் தண்ணீர். பல அடி உயரத்துக்கு நீர் தேங்கி, பொன்னிற வண்டி செம்மண் கட்டி போலாகியிருந்தது. பரிசுக்குரியவர் கணித்த எண் 384,743. உண்மை எண் 382,457. வியக்கத்தக்க கணிப்பு! ஆயின், கணித்தவரோ 1979ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். வண்டி அவருடைய உடன்பிறந்தாரைச் சேர்ந்தது.

துரு நீக்கும் தொழிலில் ஈடுபட்ட நியூஜெர்சி நிறுவனமொன்று அதனைத் தூய்மைப்படுத்த முன்வந்தது. மேற்பரப்பிலிருந்த சேறும் துருவும் நீங்கின. சில இடங்களில் பழைய வண்ணமும் தெரிந்தது. ஆனால் அடிச்சட்டம் வலுவிழந்து காகிதம் போலிருந்தது. ஓட்டுவது ஒருபுறமிருக்க, அசைப்பதற்கே அஞ்ச வேண்டிய நிலை. அருங்காட்சியகத்தில் வைக்க நடந்த முயற்சிகளும் எளிதில் கைகூடவில்லை; டல்சா நகரமும் திரும்பப் பெற விரும்பவில்லை. இறுதியில் 2017ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் தனியார் அருங்காட்சியகம் ஒன்று அதற்கு இடமளித்தது.

பிளிமத் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் பல இலட்சம் வண்டிகளை விற்றது. அவற்றுள் நன்றாக ஓடும் ஒன்றை வாங்குவது, இதனை மீட்பதினும் பன்மடங்கு எளிது. எலும்பு அழிந்துவிட்டது, உடன்பிறப்புகளோ பல உண்டு. இத்தகைய வண்டியை மீட்பது வீண் என்பதே பொறியியலின் தீர்ப்பு. ஆயினும் உருக்காலைக்கு அனுப்ப எவருக்கும் மனம் வரவில்லை. ஒரு நகரம் தன் பேரக்குழந்தைகளுக்கு எழுதிய மடல் அது. எழுத்து அழிந்தாலும் மடல் மடலே. எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் கணக்கில் இதற்கும் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

வழக்குமன்றம் ஏறிய பென்ட்லி

பாகங்களை மாற்றிக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது பழைய வண்டியாக இருப்பதை நிறுத்துகிறது? தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு மக்கள் பேணி, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். அவ்வாதம் இருபதாம் நூற்றாண்டில் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் எழுந்தது.

‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று அழைக்கப்பட்ட பென்ட்லி வண்டி, பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் வெற்றி பெற்றது. பின்னர் பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. 1932ஆம் ஆண்டு புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, அதனை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டார். அதன்பின்னும் வேறு மேற்கூட்டோடு உருமாறியது. பல்லாண்டு கழித்து ஒரு கோடிப் பவுனுக்கு அதனை வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், இது மெய்யான பழைய வண்டியன்று என்று கூறிப் பின்வாங்கினர். விற்றவர் வழக்குத் தொடுத்தார்.

1990ஆம் ஆண்டு நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். 1929ஆம் ஆண்டில் ஓடியபோது இருந்த பாகங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும், மாற்றங்கள் யாவும் தொடர்ச்சியாக ஒரே வண்டியின் வாழ்வில் நிகழ்ந்தவை. வரலாறு எங்கும் அறுபடவில்லை. ஆகவே அப்பெயருக்கு அவ்வண்டி உரியதே என்று முடிவு செய்தார். ஒரு பொருளை அப்பொருளாக்குவது உலோகம் மட்டுமன்று, அறுபடாத வரலாறும் ஆகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். துருவேறிய வண்டியைக் கண்டெடுப்பவர் அதன் உலோகத்தை ஆராய்வது போலவே, பதிவேடுகளையும் அடிச்சட்ட எண்ணையும் பழைய நிழற்படங்களையும் தேட வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஏடும் வண்டியும்

பழைய வண்டிகளைப் பேணுவோரின் உலகப் பேரவையொன்று 1966ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அது 2012ஆம் ஆண்டு தூரின் பட்டயம் என்னும் நெறிமுறையை ஏற்றது. பழங்கட்டடங்களைக் காப்பதற்கென 1964இல் வகுத்த வெனிசுப் பட்டயத்தைப் பின்பற்றியது அது. மிகக் குறைந்த அளவே கைவைக்க வேண்டும். செய்யும் மாற்றம் பின்னர் நீக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். புதிதாகச் சேர்த்த பாகம் புதியது என்று அடையாளம் காணும்படி அமைய வேண்டும். செய்தவற்றையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்பன அதன் உட்கிடை.

தமிழ் கற்போருக்கு இந்நெறி புதியதன்று. செல்லரித்த ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர்முன் இதே வினா நின்றது. எழுத்துச் சிதைந்த இடத்தில் தம் புலமையால் ஒரு சொல்லைப் பெய்து அடியை நிரப்புவது எளிது, படிப்போர்க்கும் இனிது. ஆனால் அச்சொல் புலவனுடையதா பதிப்பாசிரியனுடையதா என்பதைப் பின்வருவோர் எவ்வாறு அறிவர்? உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கிடைக்காத பகுதிகளைக் கிடைக்காதவையாகவே காட்டினார். அந்த வெற்றிடங்களும் நூலின் வரலாறே. வண்டியின் பிய்ந்த இருக்கையும் மங்கிய வண்ணமும் அத்தகைய வெற்றிடங்களே.

சந்தையும் அண்மைக்காலத்தில் இதனை உணர்ந்துவருகிறது. பிரான்சின் மேற்குப் பகுதியில் ரோஜர் பையோன் என்னும் போக்குவரத்துத் தொழிலதிபர் அருங்காட்சியகக் கனவோடு சேர்த்து, கனவு கலைந்தபின் கொட்டகைகளில் கிடந்த வண்டிகளுள் 59, 2015ஆம் ஆண்டு பாரிசில் ஏலத்துக்கு வந்தன. பழைய இதழ்க் கட்டுகளின் கீழ்த் தூசி படிந்து கிடந்த ஃபெராரி ஒன்று 16,000,000 யூரோவுக்கு மேல் விற்றது. துடைக்காமலேயே அவ்வளவு விலை! ஆனால் இவ்விலையைக் கண்டு மயங்கித் தத்தம் வீட்டுக் கொட்டகையிலுள்ள துருவெல்லாம் பொன் என எண்ணுவது பேதைமை. அருமையான வண்டிக்கே துருவும் அருமை சேர்க்கும்.

முடிவு காணும் முறை

இந்நான்கு வரலாறுகளையும் ஒருசேர நோக்கினால், துருவேறிய வண்டிமுன் நிற்பவர் கேட்க வேண்டிய வினாக்கள் வரிசையாகப் புலப்படும். இது எந்த வண்டி? அதன் வாழ்வை அறுபடாமல் காட்டும் சான்றுகள் உண்டா? எலும்பு நிலைத்துள்ளதா? இதனைப் போன்று இன்னும் எத்தனை உள்ளன? மீட்டமைக்கும்போது அழியக்கூடிய செய்தி இத்துருவில் எழுதப்பட்டுள்ளதா? இவற்றுக்கு விடை கண்டபின்னரே, செலவையும் விலையையும் பற்றிய கணக்கு வர வேண்டும்.

கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. மீட்டமைப்புக்கு ஆகும் செலவு, முடிந்தபின் கிடைக்கும் விலையை மிஞ்சுவதே பெருவழக்கு. தந்தை ஓட்டிய வண்டி என்றோ, தம் ஊரின் முதல் வண்டி என்றோ எண்ணிச் செலவிடுவோர், அச்செலவை முதலீடாகக் கருதாமல் கடமையாகக் கருதினால் ஏமாற்றமில்லை. கேடு வருவது வேறோர் இடத்தில். ஆர்வத்தோடு வண்டியை அக்கக்காகப் பிரித்துவிட்டு, பணமோ காலமோ பொறுமையோ தீர்ந்துபோய் நடுவழியில் கைவிடுவோர் பலர். முழுமையாகத் துருவேறி நிற்கும் வண்டி ஒரு சான்று. பிரித்துப் பெட்டிகளில் சிதறிய வண்டியோ குவியல். ஓவனுக்கு இருந்த பதினைந்தாண்டுப் பொறுமை தமக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளாமல் முதல் திருகாணியைக் கழற்றலாகாது. ஐயம் எழுமாயின், ஈரம் புகாமல் மூடிக் காத்து, அடுத்த தலைமுறைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை. மீட்டமைப்பை நாளையும் செய்யலாம். மெருகிட்டு அழித்த சான்றை எந்நாளும் மீட்க இயலாது.

டல்சா நகரத்தார் தோல்வியால் துவண்டுவிடவில்லை என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1957இல் வைத்த வண்டியின் நிலை தெரியுமுன்பே, 1998ஆம் ஆண்டு அவர்கள் மற்றொரு பிளிமத்தை மூடி வைத்திருந்தனர். இம்முறை அறை நிலத்துக்கு மேலே அமைந்தது. ‘பிரௌலர்’ எனப்படும் அவ்வண்டியில் அலுமினியம் மிகுதி. அவ்வறை 2048ஆம் ஆண்டு திறக்கப்படும். அன்று திறப்போர் மின்னும் வண்டியைக் காண்பரா, வேறொன்றைக் காண்பரா என்று இன்று எவரும் உறுதி கூற இயலாது. எதனைக் கண்டாலும், கையில் தேய்ப்பானை எடுக்குமுன் ஏட்டையும் எழுதுகோலையும் அவர்கள் எடுப்பாராயின், அவ்வண்டி தன் வரலாற்றைத் தானே சொல்லும்.